சும்மா ஓடும் இன்ஜின்

பழைய இன்ஜின் பைத்தியம் பிடித்தவர்களிடம் இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் சத்தத்தைத்தான் சொல்வார்கள். "டப்" என்று ஒரு வெடிப்பு. அப்புறம் புஸ், புஸ், புஸ் என்று வெறும் மூச்சு மட்டும் விட்டபடி இரண்டு பெரிய சக்கரங்களும் தம்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் லேசாகக் குறைந்ததும் மறுபடி ஒரு "டப்". உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறவர் தலை சரியும்போது திடுக்கென்று நிமிர்ந்து மறுபடி சரிவாரே, ஏறக்குறைய அந்தத் தாளம். ஹிட் அண்ட் மிஸ் என்று சொல்லப்படும் ஒற்றை சிலிண்டர் ஸ்டேஷனரி இன்ஜின்களின் அடையாளமே இதுதான். இந்தச் சத்தத்தில் மயங்கித்தான் நானும் இதில் இறங்கினேன். ஆனால் கொஞ்ச காலமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாமெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசிக்கிற அந்தச் சத்தம், அந்த இன்ஜின் ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்போது மட்டும் வருகிற சத்தம். வேலை கொடுத்தால் அது போய்விடும். அப்படியானால் துருவைச் சுரண்டி, பிஸ்டனை விடுவித்து, மாதக்கணக்கில் உழைத்து நாம் மீட்டது எதை?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்று ஒரு பதில் இருக்கிறது. எல்லாரும் ஒத்துக்கொள்ளும் பதில் இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 'எகானமி' என்ற பெயர் பொறித்த ஒன்றரைக் குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். சியர்ஸ் ரோபக் நிறுவனம் தபால் விற்பனைப் பட்டியலில் போட்டு அமெரிக்க விவசாயிகளுக்கு விற்ற சரக்கு. செய்தது இந்தியானா மாநிலம் எவன்ஸ்வில்லில் இருந்த ஹெர்குலிஸ் நிறுவனம். அதே இன்ஜின் ஹெர்குலிஸ் என்ற பெயரிலும் வந்தது, சிமென்ட் கலவை இயந்திரங்களில் ஜேகர் என்ற பெயரிலும் வந்தது. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாகும். அரிய பொருள் ஒன்றும் இல்லை. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான்: அரிய இன்ஜினைத் தேடாதீர்கள், நிறையச் செய்யப்பட்டதை எடுங்கள். உதிரிபாகம் கிடைக்கும், கேட்டால் சொல்லித்தர ஆளும் கிடைப்பார்கள்.

இந்த இன்ஜின்கள் வண்டியில் ஓடவில்லை. ஓரிடத்தில் நின்று பெல்ட் வழியாக வேறொன்றை ஓட்டின. பம்பு, ரம்பம், சோளம் உதிர்க்கும் இயந்திரம், பாலாடை பிரிக்கும் இயந்திரம், துணி துவைக்கும் தொட்டி என்று ஒரே இன்ஜின் காலையில் ஒரு வேலையும் மதியம் ஒரு வேலையும் பார்த்தது. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்துக்கு ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. 1936இல் கிராமப்புற மின்மயமாக்கல் சட்டம் வந்து கம்பிகள் பண்ணைகளுக்குப் போனதும் சின்ன மோட்டார்கள் இவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்பு சேகரித்தபோது ஏராளமானவை உலைக்குப் போயின. மிச்சம் இருந்தவை கொட்டகை மூலைகளிலும் புதர்களிலும் கிடந்தன. இன்று நம் கைக்கு வருவது அப்படிக் கிடந்தவைதான்.

நகராத பிஸ்டன்

கிடந்த இன்ஜின் என்றால் பெரும்பாலும் பிஸ்டன் சிக்கியிருக்கும். காரணம் எளிது. கடைசியாக நின்றபோது புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால், புகைக்குழாய் வழியாக மழைத் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் இரண்டுமே வார்ப்பிரும்பு. துரு பிடிக்கும்போது அது பருத்து இரண்டையும் ஒன்றாகக் கவ்விக்கொள்ளும். என்னுடையது அப்படித்தான் வந்தது. ஃப்ளைவீலை, அதாவது அந்தப் பெரிய சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் இன்ஜின் மொத்தமும் கட்டையோடு சேர்ந்து அசைந்தது, பிஸ்டன் மட்டும் அசையவில்லை.

இந்த இடத்தில் அவசரப்படாமல் இருப்பதுதான் முழு வித்தை. ஃப்ளைவீலின் ஆரத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் ஆரம் உடையும். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, ஒரேயடியாக முறியும். பிஸ்டன் தலையில் சம்மட்டியால் அடித்தால் தலை பிளக்கும். அதனால் முதலில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். துருப்பிடித்த பகுதியை, பிஸ்டன் போக வேண்டிய பாதையை, முதலிலேயே சுத்தமாகத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அசைந்த பிஸ்டன் அடுத்த அரை அங்குலத்தில் மறுபடி சிக்கும். அப்புறம் எண்ணெய். கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றுவது பலர் கடைப்பிடிக்கும் முறை. அசிட்டோன் எண்ணெயை நீர்க்கச் செய்து இண்டு இடுக்கில் ஏற்றிவிட்டு ஆவியாகிவிடும், எண்ணெய் மட்டும் தங்கும். ஊற்றிவிட்டு விட்டுவிட வேண்டும். தினமும் போய்ப் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் ஊற்றலாம், பிஸ்டன் அளவுக்கு வெட்டிய மரக்கட்டையை வைத்து லேசாகத் தட்டலாம். தட்டுவது நகர்த்துவதற்கு அல்ல, அதிர்வில் எண்ணெய் இறங்குவதற்கு.

ஒருநாள் தட்டும்போது சத்தம் மாறியது. அதுவரை பாறையில் தட்டியது போன்ற கெட்டியான சத்தம், அன்றைக்குக் கொஞ்சம் மந்தமாக. உற்றுப் பார்த்தால் பிஸ்டன் விளிம்பைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் எண்ணெய் கசிந்து ஒரு வளையம். ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. அப்புறம் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகக்கூடாது, வந்த வழியே திருப்பி அனுப்பி, உதிர்ந்த துருவைத் துடைத்து, மறுபடி தள்ள வேண்டும். வெளியே எடுத்தபோது ரிங்குகள் பள்ளத்துக்குள் கரியோடு கட்டியாகிக் கிடந்தன. அதை எடுப்பது தனிப் பொறுமை, ரிங் கண்ணாடி வளையல் மாதிரி ஒடியும் என்று சொல்லக் கேட்டிருந்ததால் கூடுதல் பயம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும், சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தண்ணீர்த் தொட்டி. இந்த இன்ஜின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. மேலே திறந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், அது கொதித்து ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகும். குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டால் உறைகிறபோது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், தொட்டி வெடிக்கும். வெடிப்பு பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். வாங்குவதற்கு முன் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது நல்லது. என்னுடையது தப்பியிருந்தது.

பெயிண்ட் விவகாரத்தை நான் சீக்கிரமே தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சண்டை ஓயாது. சிலர் இரும்பு வரைக்கும் சுரண்டிப் புதுசு போலப் பளபளக்க வைப்பார்கள், தொழிற்சாலையில் இருந்து வந்தபோதுகூட அந்தப் பளபளப்பு இருந்திருக்காது. சிலர் இருக்கிற நிறத்தின் மேல் எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு சரி. நான் இரண்டாவது கட்சி. எரிபொருள் நிரப்பும் இடத்துப் பெயிண்ட் தேய்ந்திருப்பதும், ஃப்ளைவீல் விளிம்பில் கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருப்பதும் யாரோ இதை வருஷக்கணக்காகப் புழங்கியதற்கான தடயம், அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒன்று: அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும், உப்புத்தாளால் உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். இணைப்புகளின் நடுவே ஒழுகாமல் இருக்க வைக்கும் பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அதை நனைத்து எடுங்கள்.

முதல் தீப்பொறி

எனக்கு இந்த இன்ஜினில் ரொம்பப் பிடித்த பாகம், தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ. விக்கோ நிறுவனத்தின் ஈகே வகை. மேக்னெட்டோ என்றதும் ஏதோ சுழல்கிற சாமான் என்று நினைப்போம், இது சுழலாது. இரண்டு சுருள்கள், காந்தங்கள், அவற்றின் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புத் துண்டு. புஷ் ராடு என்ற தள்ளுகம்பி ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் விட்டுவிடும், இரும்புத் துண்டு "டக்" என்று பிய்த்துக்கொண்டு விலகும், அந்த நொடியில் காந்தப் பாதை அறுந்து சுருளில் மின்னழுத்தம் எகிறும், பிளக்கில் தீப்பொறி. இதில் அழகு என்னவென்றால், நீங்கள் சக்கரத்தை எவ்வளவு சோம்பேறித்தனமாகச் சுற்றினாலும் ஸ்பிரிங் விடுபடும் வேகம் மாறாது. கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற இன்ஜினுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது.

மேக்னெட்டோ பெட்டியைத் திறந்தால் மின்சாரத்தைத் தொட்டு விலகும் பாயிண்டுகள் பச்சை பிடித்திருந்தன. மெல்லிய அரத்தால் தேய்த்து, துடைத்து, காலாவதியான கண்டென்சருக்குப் பதில் புதுசு வைத்து மூடினேன். பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் சாய்த்து வைத்துவிட்டு, நெம்புகோலைக் கையால் அழுத்தி விட்டேன். டக். பிளக் முனையில் பருமனான நீலப் பொறி. பிறந்து நூறு வருஷத்தை நெருங்கும் ஒரு காந்தம், பேட்டரி எதுவும் இல்லாமல் கொடுத்த பொறி. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு எந்தக் காரணமும் இல்லை.

அப்புறம் ஓடியது. பெட்ரோல், எண்ணெய்ச் சொட்டுவானில் நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று திருகு, க்ரீஸ் கிண்ணங்களில் ஒரு திருப்பு, தொட்டியில் தண்ணீர். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து ஃப்ளைவீலை இழுக்க வேண்டும், திருப்பி உதைத்தால் கை கழன்றுகொள்ளும். சில இழுப்புக்குப் பிறகு புகை, ஒரு தும்மல், பிறகு அந்தத் தாளம். டப். புஸ், புஸ், புஸ், புஸ். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நான் மீட்டாயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன், என் நிலையில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது

இங்கே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கார் இன்ஜினில் வேகத்தைக் குறைக்கக் காற்றையும் எரிபொருளையும் குறைப்போம். ஹிட் அண்ட் மிஸ் இன்ஜினில் அந்த நடுவாந்தர நிலையே கிடையாது. ஒன்று முழு வெடிப்பு, இல்லையென்றால் வெடிப்பே இல்லை. ஃப்ளைவீலில் பொருத்திய எடைகள், வேகம் கூடும்போது வெளியே விரியும். விரிந்தால் ஒரு கொக்கி நகர்ந்து வந்து, எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து நிற்கும் புஷ் ராடை அப்படியே பிடித்து நிறுத்திவிடும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்தே இருப்பதால் பிஸ்டன் அதன் வழியாகவே காற்றை இழுத்து அதன் வழியாகவே விடும், அதுதான் அந்தப் புஸ் புஸ். உறிஞ்சும் வால்வுக்குத் தனி இயக்கம் கிடையாது, சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டானால் மட்டும் தானாகத் திறக்கும் மெல்லிய ஸ்பிரிங் வால்வு அது. வெற்றிடம் இல்லை, அதனால் திறக்காது, எரிபொருளும் வராது. புஷ் ராடு நகராததால் மேக்னெட்டோவும் அடிக்காது. வேகம் குறைந்ததும் எடைகள் சுருங்கும், கொக்கி விடும், எல்லாம் மறுபடி நடக்கும், டப். ஒரே ஒரு கொக்கி எரிபொருளையும் தீப்பொறியையும் காற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறது. இதை யோசித்தவரை நேரில் பார்த்தால் கும்பிடு போடலாம்.

கணக்கும் எளிது. நிமிடத்துக்கு 500 சுற்று ஓடும் நான்கு வீச்சு இன்ஜின் அதிகபட்சம் 250 தடவை வெடிக்கலாம். சுமை இல்லாவிட்டால் அதில் சில டஜன் வெடிப்பே போதும், தன் சொந்த உராய்வைச் சமாளித்தால் சரி. எத்தனை தடவை வெடிக்கிறது என்பதே எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அளவு. கண்காட்சிகளில் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் சக்கரம் சும்மா சுற்றுகிறது என்பதில்தான் பெருமை. அதற்காகக் கவர்னர் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, வேகத்தை இறக்கி வைப்பார்கள். அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜினின் பெயர்ப்பலகையில் குறித்திருக்கும் வேகம் வேறு.

ஒரு பலகை

பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். இந்த மாதிரி இன்ஜின்களோடு சிறு வயதில் புழங்கியவர் என்பது, அவர் அதைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. மற்றவர்கள் சக்கரத்தைப் பார்த்தார்கள், அவர் புகைக்குழாயின் வாயைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஓடுது. சரி. எதை ஓட்டுது?" என்றார்.

"எதையும் இல்லைங்க ஐயா. சும்மாதான் ஓடுது."

"ஒரு பலகை இருக்கா தம்பி?"

கெட்டியான ஒரு பலகையை எடுத்துக் கொடுத்தேன். அதன் ஒரு முனையைத் தரையில் இருந்த கட்டையில் ஊன்றி, நடுப்பகுதியை ஃப்ளைவீலின் விளிம்புக்கு அடியில் கொடுத்து, மறுமுனையை இரண்டு கையாலும் மெதுவாக மேலே தூக்கினார். எல்லாரையும் இரண்டு அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் செய்தார். நான் இதை எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் பலகையோடு இறங்க வேண்டாம், அவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். மரம் இரும்பில் உரசும் சத்தம். புஸ் புஸ் நின்றுபோனது. டப், டப், டப், டப் என்று விடாமல் வெடிக்க ஆரம்பித்தது. அதுவரைக்கும் நான் அந்த இன்ஜினிடம் கேட்டே இராத குரல். ஒரு இருபது விநாடி இருக்கும், எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் வெடிப்புகள் தளர்ந்தன, உறிஞ்சும் பக்கத்தில் ஒரு செருமல், சக்கரம் தள்ளாடி நின்றே போனது. அவர் ஒன்றும் பெரிதாக அழுத்தவில்லை. ஒன்றரைக் குதிரையில் கால் குதிரைகூட இருந்திருக்காது.

பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "இன்னும் வேலை இருக்கு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவு முழுக்க யோசித்தேன். கோபமும் இருந்தது, மறைப்பானேன். எல்லாரும் கை தட்டினார்களே. ஆனால் விஷயம் பளிச்சென்று இருந்தது. சும்மா ஓடும் இன்ஜின் எதையும் நிரூபிப்பதில்லை. ரிங் பாதி ஒழுகினாலும் ஓடும், வால்வு சரியாக உட்காராவிட்டாலும் ஓடும், கலவை தப்பாக இருந்தாலும் பத்து சுற்றுக்கு ஒரு வெடிப்பு எப்படியோ கிடைத்துவிடும். இரண்டு பெரிய ஃப்ளைவீலின் கனம் எல்லாக் குறையையும் மூடிவிடும்.

அடுத்த வேலை கம்ப்ரஷன் எங்கே போகிறது என்று பார்ப்பது. சக்கரத்தை அழுத்த நிலை வரைக்கும் திருப்பிப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தால் புகைக்குழாயில் "ஸ்ஸ்" என்று கேட்டது. சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரும்பப் பார்ப்பது பழைய சோதனை. எண்ணெய் விட்டதும் அழுத்தம் குறையாமல் தங்கினால் ரிங்கில் ஒழுக்கு, மாற்றமே இல்லை என்றால் வால்வில். மாற்றமில்லை. எக்ஸாஸ்ட் வால்வைக் கழற்றினால் அதன் சாய்வான முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு, மறுபக்கம் கருப்புக் குழிகள். அரைக்கும் பசையைத் தடவி, வால்வை அதன் இருக்கையில் வைத்துக் கையால் இப்படியும் அப்படியும் திருகித் திருகித் தேய்க்க வேண்டும், அவ்வப்போது தூக்கி இடம் மாற்றி. முதலில் கரகரவென்று கேட்கும், பசை அரைபட அரைபட சத்தம் மெலிந்துகொண்டே வரும். துடைத்துப் பார்த்தால் முகம் முழுவதும் ஒரே அகலத்தில் மங்கிய சாம்பல் நிற வளையம், எங்கும் அறுபடாமல். அதன் மேல் பெட்ரோல் ஊற்றி வைத்தேன், அடியில் ஒரு துளி கசியவில்லை.

காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவை வைக்கும் கலவை ஊசியையும் திருத்தினேன். சும்மா ஓடுவதற்குப் போதுமான அளவுக்குத்தான் திறந்து வைத்திருந்தது, சுமைக்கு அது பட்டினி.

பெல்ட்டுக்கு அந்தப் பக்கம்

பிறகு ஒரு பழைய பிஸ்டன் பம்பு கிடைத்தது. இரண்டையும் தட்டைப் பெல்ட்டால் இணைத்து, ஒரு பீப்பாயில் இருந்து தண்ணீரை எடுத்து அதே பீப்பாயில் விடுகிற ஏற்பாடு, விடும் குழாயில் ஒரு வால்வு. வால்வைத் திருகினால் பம்பு திணறும், இன்ஜினுக்குச் சுமை ஏறும். பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. புல்லியின் முகம் தட்டையாக இருக்காது, நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கும். பெல்ட் சரிந்து விழுந்துவிடும் என்றுதான் தோன்றும், நடப்பது நேர்மாறு, ஓடுகிற பெல்ட் எப்போதும் மேடான பகுதியை நோக்கியே ஏறி நடுவில் நின்றுகொள்ளும். விளிம்புத் தடுப்பே தேவையில்லை. காரணத்தைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகும் பார்க்கும்போது நம்ப முடியவில்லை. பெல்ட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டேன், தொளதொள சட்டையோடு யாரையும் கிட்டே விடுவதில்லை.

சுமை ஏற்றியபோது மாறியவை பல. தொட்டித் தண்ணீர் முதல் தடவையாகக் கொதித்தது. சும்மா ஓடிய காலத்தில் அது வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. கொதிக்க ஆரம்பித்த தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும், ஆக நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் வெப்பநிலை தானாகக் கட்டுப்படுகிறது. இன்ஜின் வடிவமைக்கப்பட்டதே அந்தச் சூட்டுக்குத்தான். குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் முழுதாக எரியாமல் சுவரில் ஒட்டி எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், புகைக்குழாயில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும், பிளக் கரி பிடிக்கும். சும்மா ஓட்டினால் தேய்மானம் இல்லை என்று நினைப்பது அரை உண்மை.

இன்னொரு வேடிக்கை. சும்மா ஓடும்போது சில சமயம் வெடிக்க வேண்டிய முறையில் வெடிக்காமல் தவறவிடும், அதற்கு மேக்னெட்டோவைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். சுமையில் அந்தக் கோளாறு சுத்தமாக மறைந்துவிட்டது. எரிபொருள் டேங்க் கீழே இருக்கிறது, உறிஞ்சும் இழுப்பில்தான் பெட்ரோல் மேலே ஏறும், திரும்ப இறங்காமல் இருக்கக் குழாயில் ஒரு குட்டிக் குண்டு வால்வு. அந்தக் குண்டு சரியாக உட்காராவிட்டால், நீண்ட நேரம் வெடிக்காமல் சுற்றும்போது பெட்ரோல் இறங்கிவிடும், அடுத்த முறை ஏறி வருவதற்குள் ஒரு வாய்ப்பு போய்விடும். விடாமல் வெடிக்கிறபோது இறங்க நேரமே இல்லை. குண்டைச் சுத்தம் செய்ததும் சரியாயிற்று. அதே சமயம் சுமையில்தான், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ஒரு "டொக்" கேட்டது. அந்த ஒயிட் மெட்டல் பேரிங்கின் இரு பாதிக்கும் நடுவே மெல்லிய தகடுகள் அடுக்கியிருப்பார்கள், தேய்மானத்துக்குத் தக்கபடி இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக உருவிவிடலாம். உருவினேன், நின்றது.

ஒன்றரைக் குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 1,100 வாட். இன்றைக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஒரு ஆள் நாள் முழுக்கச் சீராக உழைத்தால் கொடுப்பது சுமார் 75 வாட்தான். பதினைந்து பேர் கை. இழப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் 20 மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு ஐந்து லிட்டருக்கு மேல் தண்ணீர், பம்பிலும் பெல்ட்டிலும் பாதி போனாலும் மிச்சம் சின்னதில்லை. பீப்பாயில் விழும் தண்ணீரைக் கையால் தொட்டபோதுதான் இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. வாளி இறைத்துக் கொண்டிருந்தவர்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள்? அவர்களுக்கு அந்த டப் டப் சத்தம் பின்னணி இசை இல்லை. விட்டு விட்டு வெடித்தால் பம்பு தண்ணீர் எடுக்கவில்லை, போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

இதற்கு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. வயசான இரும்பு, உள்ளே விரிசல் இருக்கலாம், ஃப்ளைவீல் உடைந்தால் உயிருக்கே ஆபத்து, கிடைக்காத பாகம் ஒடிந்தால் கதை முடிந்தது, பேசாமல் மெதுவாகச் சும்மா ஓடட்டும் என்கிறார்கள் நண்பர்கள். உலகத்தில் நான்கைந்து மட்டும் மிஞ்சியிருக்கும் இன்ஜினுக்கு நானும் அதையே சொல்வேன், சொல்லப்போனால் அதை ஓட்டவே வேண்டாம் என்பேன். ஆனால் நிறையச் செய்யப்பட்ட, சக்கரத்தின் ஆரங்களையும் நடுக்குடத்தையும் விரிசலுக்குச் சோதித்துப் பார்த்த, பலகையில் குறித்த வேகத்தைத் தாண்டாத ஓர் இன்ஜினுக்குப் பாதிச் சுமை ஒன்றும் செய்துவிடாது. நான் முழுச் சுமை ஏற்றுவதில்லை. முதலில் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வெடிக்க வேண்டிய இரண்டு முறைக்கு ஒன்று தவறவிடும் அளவில் நிறுத்திக்கொள்வேன். முடிந்ததும் மறுபடி சுமையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம். யாராவது பார்க்க வந்தால் அவர்கள் எதிர்பார்க்கிற புஸ் புஸ் கேட்கட்டும் என்று அந்த நேரத்தைச் சற்று நீட்டுவதும் உண்டு.

அந்தக் கேள்வி இன்னும் முழுசாக அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீப்பாயில் இருந்து எடுத்துப் பீப்பாயிலேயே விடுகிற தண்ணீரும் ஒருவகையில் சும்மாதானே என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இப்போது பெல்ட் புல்லி வைத்த பழைய சோளம் உதிர்க்கும் இயந்திரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கையால் சுற்றுகிற வகை கண்ணில் படுகிறது, புல்லி வைத்ததுதான் அகப்பட மாட்டேன் என்கிறது.